கீழ் ரெப்பையின் வெளுப்பு

அந்தப் பெண் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் என் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த பக்கெட் சாய்ந்து தண்ணீர் அத்தனையும் மண்ணில் ஓடியது. அதை நிமிர்த்தி வைக்கக்கூடத் தெம்பில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு மணி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வருகிற நேரம். மற்ற பெண்கள் தலை வாரிக்கொண்டும் ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தவள் அதைப் போட்டுவிட்டு ஓடினேன். தோளைப் பிடித்துத் தூக்கினால் வெறும் கோணிப்பை மாதிரி வந்தாள். முகம் பழுத்த இலை நிறம். நான் யோசித்துச் செய்யவில்லை, கைப் பழக்கம், அவள் கீழ் ரெப்பையைக் கட்டை விரலால் இழுத்துப் பார்த்தேன். சிவப்பு இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

"இன்னா ஆயா, ஆட்டைப் பாக்குற மாதிரி பாக்குற?" என்று பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டாள்.

ஆட்டைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பார்வை அதுதான்.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் என் ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோர்ந்தன. தீனி எடுக்கும், உடம்பு பிடிக்காது. தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை தொங்கும். மூன்று ஆடு செத்தது. கண்ணேறு என்று சொன்னார்கள், மிளகாய் சுற்றிப் போட்டேன். நாலாவதும் விழுந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மாட்டு ஆசுபத்திரிக்குப் போனேன். வாசலிலேயே உயிரை விட்டுவிட்டது. அங்கே இருந்த டாக்டர், "அறுத்துப் பாக்கலாமாம்மா? மிச்சம் இருக்கறதாவது பிழைக்கும்" என்று கேட்டார். சரி என்றேன். இரைப்பையைக் கீறி என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். நூல் நூலாக, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிக்கொண்டு, கையால் அள்ளுகிற அளவுக்குப் பூச்சி. ரத்தம் குடிக்கிற பூச்சி என்றார். வெளியில் ஒன்றும் தெரியாது, ரெப்பைக்கு உள்பக்கம் பார்த்தால் தெரியும் என்று இழுத்துக் காட்டினார்.

மற்ற ஆடுகளின் புழுக்கையைக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் பட்டியைக் கூட்டி ஒரு கவர் நிறைய அள்ளிக்கொண்டு போய் வைத்தேன். பிரித்துப் பார்த்தார்.

"இது எந்த ஆட்டோடது?"

"எல்லாந்தான் கலந்து கீது."

"யாரோடதுன்னு தெரியாததை வெச்சுக்கிட்டு நான் யாருக்கு மருந்து கொடுக்கறது? கவரைக் கையில மாட்டிக்கிட்டு ஒவ்வொரு ஆட்டுக்கும் நீங்களே தனித்தனியா எடுங்க. சூடு ஆறாம கொண்டு வாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் செய்தேன். அதற்கப்புறம் மாசம் ஒரு தரம் ரெப்பை பார்ப்பேன். ஒரு ஆடு சாகவில்லை. சேரப்பணஞ்சேரியில் இருந்துகூட ஆள் வந்து என்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான் படிப்பு. ஆனால் இந்த விஷயத்தில் என் கண்ணை யாரும் மிஞ்ச முடியாது என்று ஒரு கர்வம். இருந்தது என்று ஏன் சொல்ல வேண்டும், இப்போதும் இருக்கிறது.

நாங்கள் பிள்ளைப்பாக்கம். நிலம் கம்பெனிக்குப் போனதும், வந்ததை வைத்து வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு அறை கட்டினேன். வீட்டுக்காரர் அப்போதே இல்லை. கொத்தனாரோடு நானே நின்று கட்டினது. இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் அறைக்கு நாலு பேராக இருபத்துநாலு பெண்கள் இருந்தார்கள், எல்லாம் தெற்கத்திப் பிள்ளைகள். அவர்கள் என்னை ஆச்சி என்பார்கள், ஊர்க்காரர்கள் ஆயா என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

என் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. செருப்பு வெளி கேட்டோடு சரி. கேட்டுக்கு உள்ளே யாரும் செருப்புக் காலோடு நடக்கக் கூடாது. பின்பக்கத்து வேப்பமரத்தடியில் நாகாத்தம்மன் இருக்கிறாள், அந்த மண்ணில் நான் கல்யாணமாகி வந்த நாளில் இருந்து வெறுங்காலோடுதான் நடந்திருக்கிறேன். இருபத்துநாலு ஜோடி செருப்பு கேட்டுக்கு வெளியே கல்யாண மண்டபம் மாதிரி வரிசையாகக் கிடக்கும். பார்க்கிறவர்கள் சொல்வார்கள், ஆயா பிள்ளைகளை எப்படி வைத்திருக்கிறாள் பார் என்று. எனக்கு அது ஒரு பெருமை. தினம் சாணி தெளித்து முன்வாசலை நானே பெருக்குவேன். பின்வாசலைப் பற்றி வருகிற இடத்தில் சொல்கிறேன்.

விழுந்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயசு. வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. லைனில் நின்றுகொண்டே செல்போனுக்குள் ஏதோ சின்னச் சின்னதாகப் பொருத்துகிற வேலை. அன்றைக்கு அவளைப் பஸ் ஏற விடவில்லை. மாலையில் கம்பெனியில் இருந்து திரும்பின பெண்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். இரண்டு மாசமாகத் தூரமாகவில்லையாம், மயக்கம் வருகிறதாம். கூட்டிக் கழித்துப் பார்த்து அவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். நான் அறை வாசலில் போய் நின்றேன்.

"எவளாவது வாயைத் தொறந்தீங்க, நாளைக்கு வேற வூடு பாத்துக்குங்க" என்றேன்.

புதன்கிழமை அவளை ஸ்ரீபெரும்புதூர் ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா மூத்திரம் பரிசோதித்தார், ரத்தம் எடுத்தார். பிள்ளை உண்டாகவில்லை. ரத்தம் ஐந்துதான் இருக்கிறதாம், பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"இதை வெச்சுக்கிட்டு எப்படி நின்னு வேலை செஞ்சே?"

"நின்னுட்டேன் மேடம்."

"பூச்சியா இருக்கும் டாக்டரம்மா. ரெப்பையைப் பாருங்க" என்றேன் நான்.

"இருக்கலாம். வேற எதுவாவும் இருக்கலாம். உள்ளே எங்கேயோ ரத்தம் போயிட்டிருக்கு. நாளைக்குக் காலையில மலம் கொண்டு வாங்க, பார்ப்போம்."

"பூச்சி மாத்திரைதான, சும்மா ஒண்ணு குடுத்துப் பாக்கக் கூடாதா?"

"கொடுக்கலாம்மா. கொடுத்துட்டு அதுதான்னு நம்பி நாம உக்காந்திருப்போம். குடல்ல வேற புண்ணா இருந்தா அது காத்திருக்குமா?" அப்படியே படுக்கச் சொன்னார். அவள் மாட்டேன் என்று அழுதாள். அண்ணனைக் கேட்காமல் ஆசுபத்திரியில் படுத்தால் அவன் தொலைத்துவிடுவான் என்றாள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தூரப் பயணம் எதுவும் வேண்டாம், பஸ்ஸில் மட்டும் ஏற்றாதீர்கள், வழியிலேயே நெஞ்சு நின்றுபோகும் என்றார்.

வியாழக்கிழமை காலையில் டப்பாவை அவள் கூட இருக்கிற பெண் என் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். வேதக்காரப் பெண், கழுத்தில் சிலுவை போட்டவள், இவளைவிட நாலு வயசு மூத்தவள், அந்த வாரம் நைட் ஷிப்ட் முடிந்து வந்தவள். பேப்பரில் சுற்றி, அதை மஞ்சள் பையில் போட்டு, நூல் கட்டிக் கொடுத்தாள். லேப்பில் கொடுத்துவிட்டு நானும் விழுந்தவளும் பெஞ்சில் காத்திருந்தோம். பதினோரு மணிக்குச் சீட்டு வந்தது. டாக்டரம்மா படித்தார். ஒன்றும் இல்லை, பூச்சியும் இல்லை, முட்டையும் இல்லை.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.  டாக்டரம்மா மெட்ராஸ் பெரிய ஆசுபத்திரிக்குச் சீட்டு எழுதினார். குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், வீட்டு ஆள் கையெழுத்துப் போட வேண்டும், இன்றைக்கே ஆம்புலன்ஸில் போங்கள் என்றார்.

அண்ணனுக்குப் போன் போட்டோம். அவன் என்னிடம்தான் பேசினான்.

"மெட்ராஸுக்கெல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழம காலைல நான் வாரேன், பஸ்ல கூட்டிட்டு வந்து இங்க பாத்துக்கிடுதோம். இங்க ஒரு ஆளு இருக்காரு, மந்திரிச்சுத் தாயத்துக் கட்டுவாரு."

"பஸ்ல ஏத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிகீறாங்கப்பா."

"என்ன சீக்குன்னே தெரியாத டாக்டர் சொல்லுதத நான் எதுக்குக் கேக்கணும்?"

 ஞாயிற்றுக்கிழமைக்குள் சீக்கு இன்னதென்று சொல்லிவிட்டால் அவனுக்குப் பதில் சொல்லலாம். இல்லையென்றால் அந்தப் பெண்ணைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வைப்பான். நான் ஒரு கையால் போனை வைத்தேன், இன்னொரு கையை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். கை சில்லென்று இருந்தது.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி, "இன்னா ஆட்டு டாக்டரே, ரிசல்ட்டு வந்துச்சாமே" என்றாள். நான் காது கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலை வழக்கம்போலத் தொட்டியடியில் நின்றேன். தினம் நாலரையில் இருந்து அங்கேதான் நிற்பேன். யார் முன்னே யார் பின்னே என்று கக்கூஸ் வரிசையில் சண்டை வரும், நான் நின்றால் வராது. ஒவ்வொருத்தியாகப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் திடீரென்று உறைத்தது. நேற்றுக் காலையிலும் நான் இங்கேதான் நின்றேன். அந்தப் பெண் வரவே இல்லை. ஏழு மணிக்கு நான்தான் போய் எழுப்பினேன், பாயோடு பாயாகக் கிடந்தாள். அவள் எழுந்திருக்கும் முன்பே டப்பா என் கைக்கு வந்துவிட்டது.

நைட் ஷிப்ட் பஸ் வந்ததும் நேரே அறைக்குப் போனேன். இருவரும் இருந்தார்கள்.

"நேத்து அந்த டப்பால இருந்தது யாருது?"

வேதக்காரப் பெண் குனிந்துகொண்டாள். இவள் சுவரைப் பார்த்தாள்.

"கேக்குறேன் இல்ல? யாருது?"

"என்னுது ஆச்சி" என்றாள் மூத்தவள். "அவ கையக் கால புடிச்சு அழுதா. நானும் ஒரு டப்பாதானேன்னு குடுத்துட்டேன். தப்புதான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "ஆடு கூட இந்த மாதிரி பண்ணாதுடி" என்றேன். "அந்த அம்மா கண்ணு நோவப் பாத்து ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்தாங்க. அதைக் கையில வெச்சிக்கினு உன் அண்ணன் உன்னைப் பஸ்ல ஏத்தப் போறான். தெரியுதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டி?"

 சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என்னுது கருப்பா இருக்கு ஆச்சி. தார் மாரி. மூணு மாசமா அப்படித்தான். எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் போச்சு. ஆசுபத்திரில பாத்துட்டுப் புத்துன்னு சொன்னாங்க. சொல்லி நாப்பது நாள்ல போயிட்டாரு. பாக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாருன்னு எங்கம்மா இன்னைக்கும் சொல்லும்."

நான் உட்கார்ந்தேன்.  பூச்சி ரத்தம் குடித்தாலும் கருப்பாகத்தான் போகும் என்று எனக்குத் தெரியாது அப்போது. தெரிந்த மாதிரி சொன்னேன். "அது பூச்சிதான். நான் சொல்றேன். இல்லன்னா என் ஆட்டை வந்து நீ அவுத்துக்கினு போ."

"ஆட்ட வச்சு நான் என்ன செய்யப் போறேன்" என்றாள். மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவளுக்கும் லேசாக வந்தது. சரி, தரேன் என்றாள்.

அன்றைக்கு வரவில்லை. வயிற்றில் ஒன்றும் இருந்தால்தானே. கஞ்சியும் பழமுமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். லேப் சனிக்கிழமை பன்னிரண்டு மணி வரைக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேல்தான் வருகிறது என்றாள். கையைப் பிடித்துக் கக்கூஸ் பக்கம் கூட்டிப்போனேன். அவள் அங்கே திரும்பவில்லை, வேப்பமரத்தைத் தாண்டி நடந்தாள்.

"எங்கடி போற?"

"அதுல நாங்க போறதில்ல ஆச்சி. தினம் பொங்கி நிக்கும். அஞ்சரைக்குள்ள கெளம்பணும்லா, பாதிப் பேரு பின்னாலதான் போவோம்."

இப்போது சொல்லிவிடுகிறேன். இரண்டு கக்கூஸுக்கும் சேர்த்து நான் வெட்டினது ஒரே குழி. எட்டுப் பேருக்குத்தான் போதும் என்று கொத்தனார் அப்போதே சொன்னான். மழை பெய்தால் அது நிரம்பிப் பின்பக்கத்துப் பள்ளத்தில் ஒழுகும். எனக்குத் தெரியாதா என்றால் தெரியும். அந்தப் பக்கம் நான் போவதை நிறுத்தியிருந்தேன், அம்மனுக்கு விளக்கு வைக்கிறதைக் கூட வேறொருத்தியிடம் விட்டிருந்தேன். வரிசையில் சண்டை வராமல் இருந்ததற்குக் காரணம் நான் நின்றது மட்டும் இல்லை.

அன்றைக்கு அவளோடு போனபோது முதல் தடவையாக நன்றாகப் பார்த்தேன். முள்செடிக்கு நடுவில் ஒற்றையடித் தடம். ஈரம் காயாத கரிசல் மாதிரி மண். மேலே மேலே பதிந்த வெறுங்கால் தடங்கள். ஆனால் அப்போது எனக்கு டப்பாதான் நினைப்பில் இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கொடுத்தாள். தார் மாதிரிதான் இருந்தது. முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஷேர் ஆட்டோவில் அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஊருக்குள் திரும்புகிற இடத்தில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நின்றன. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. பத்தே முக்கால் ஆனது. பதினொன்று ஆனது. டிரைவரை நான் மணி கேட்டுக்கொண்டே இருக்க, அவன், "ஆயா, நீ கேக்குறதால கடியாரம் நிக்காது" என்றான். டப்பாவின் சூடு இடுப்பில் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. அவள் கண்ணை மூடி என் தோளில் சாய்ந்திருந்தாள், அடிக்கடி மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன்.

பதினொன்றரைக்கு அவளை டிரைவரிடம் விட்டேன். "இவளைக் கீழ எறக்கிடாத. வழி விட்டதும் ஆசுபத்திரிக்கு வா" என்று சொல்லிவிட்டு லாரிகளுக்கு நடுவில் நடந்தேன். எனக்கு முழங்கால் வலி. நின்று நின்று நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது லேப் அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"முந்தாநேத்தே பார்த்தாச்சே ஆயா."

"அது வேற ஆளுது."

"என்னது?"

"இவ வெக்கப்பட்டுக்கினு கூட இருக்கவளோடதைக் குடுத்துட்டா. இதுதான் இவளுது. என் கண்ணு முன்னால எடுத்தது."

"நல்லா இருக்கு உங்க கதை" என்றார். கைப்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் யாரையும் கெஞ்சிப் பழக்கப்பட்டவள் இல்லை, அன்றைக்குக் கெஞ்சியிருப்பேன், அதற்கு அவர் இடம் வைக்கவில்லை.

கண்ணாடித் துண்டில் தடவி அந்த மெஷினுக்கு அடியில் வைத்துக் குனிந்தார். நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார்.  பூச்சி இல்லை என்று இரண்டாம் தரம் சொல்லிவிட்டால் அவள் அப்பா செத்த நோய்தான் என்று ஆகிவிடும். அதை அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும்.

"வாங்க ஆயா" என்றார். "ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க."

முதலில் ஒரே அழுக்கு. அப்புறம் தெரிந்தது. நீள உருண்டையாக, கண்ணாடித் தோல் போட்ட முட்டை, நுங்கு மாதிரித் தெளிவு. உள்ளே நாலு உருண்டை ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நகர்த்தினால் இன்னும்.

"கொக்கிப் புழு. நிறைய இருக்கு" என்றார்.

அதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஆட்டோவும் வந்து சேர்ந்தது. டாக்டரம்மா அவளை அப்போதே படுக்க வைத்தார். மாத்திரை கொடுத்தார், ரத்தம் ஏற்ற வேண்டும், வீட்டு ஆள் யாராவது ரத்தம் கொடுத்தால் நல்லது என்றார். புற்று இல்லை என்று அவளிடம் இரண்டு தரம் சொன்னார். அவள் அழவில்லை, தூங்கிப்போனாள். பிறகு டாக்டரம்மா அவள் காலைத் தூக்கி விரல் இடுக்கைப் பார்த்தார். அங்கே பழைய சொறித் தழும்பு. சேற்றுப்புண் என்று நான் மஞ்சள் வைக்கச் சொன்ன இடம்.

"இது வாய் வழியா வர்றதில்ல. அசிங்கமான ஈர மண்ணுல வெறுங்காலோட நடந்தா தோல் வழியா ஏறும். எங்கே நடந்தா இவ?"

நான் வாயைத் திறந்தேன். "ஊர்ல வயக்காட்டுல நடந்திருக்கும். தெற்கத்திப் பொண்ணு" என்றேன்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். எனக்குத் திரும்புகிற வழியெல்லாம் அந்த ஒற்றையடித் தடம்தான் கண்ணில் நின்றது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு பேர் கால்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அண்ணன் வந்தான். ஆசுபத்திரிக்குப் போகவில்லை, நேரே என் வீட்டுக்கு வந்தான், அவள் பெட்டியை எடுக்க. முப்பது வயசு இருக்கும், இரவெல்லாம் பஸ்ஸில் வந்த முகம். லீவு என்பதால் பெண்கள் எல்லாரும் அறை வாசலில் நின்றார்கள். நான் சீக்கு இன்னதென்று சொன்னேன், மாத்திரை கொடுத்துவிட்டார்கள், ரத்தம் மட்டும் நீ கொடுத்தால் ஒரு வாரத்தில் எழுந்து நடப்பாள் என்றேன்.

"நேத்து தங்கச்சிக்குப் போன் போட்டப்ப டாக்டரம்மாட்டயும் பேசிட்டேன்" என்றான். "ஊர்ல இருந்து கொண்டாந்த சீக்குன்னு நீங்கதான் சொன்னீங்களாம். எங்க ஊரு சீக்குன்னா எங்க ஊர்லயே பாத்துக்கிடுதோம். அசிங்கத்துல நடக்குத ஊருக்காரங்க நாங்க. உங்க சுத்தமான வீட்ல எதுக்கு அவ?" பெட்டியைத் தூக்கினான். "பத்து மணி பஸ்ஸுக்கு நான் சொல்லி வச்சாச்சு."

"நேத்துதான்பா மருந்து குடுத்தாங்க. ஐஞ்சுதான் கீது ரத்தம்."

"என் தங்கச்சிய எனக்குத் தெரியும்."

அவன் கேட்டுக்குப் போய்விட்டான். ஒரு காலில் செருப்பும் மாட்டிவிட்டான். நான் சொன்ன ஒரு வார்த்தைதான் அவனை நடக்க வைத்தது. அதை நான்தான் எடுக்க வேண்டும். இருபத்துமூன்று பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி வேறு. 

"நில்லுப்பா" என்றேன். "உங்க ஊரு சீக்கு இல்ல அது. என் வூட்டு சீக்கு."

அவன் திரும்பினான்.

"வா, வந்து பாரு. அந்தச் செருப்போடவே வா." அவன் கையைப் பிடித்து வேப்பமரத்தைத் தாண்டிக் கூட்டிப்போனேன். குழி ஒழுகுகிற இடத்தைக் காட்டினேன். தடத்தைக் காட்டினேன். "இங்கதான் நடந்தா. செருப்பு போடக் கூடாதுன்னு சொன்னது நான். குழியைப் பெருசாக்காம வுட்டதும் நான். டாக்டர் கேட்டப்ப எனக்கு வாய் வரல, உங்க ஊரைச் சொல்லிட்டேன். பொய்யி அது. அவளைப் பஸ்ல ஏத்தாத."

அவன் வெகு நேரம் மண்ணைப் பார்த்தான். மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இதுல எம்புட்டு நாளா?" என்று பெண்களைப் பார்த்துக் கேட்டான்.  வேதக்காரப் பெண்தான் சொன்னாள், "மழை வந்ததுல இருந்து அண்ணே. நான் கம்பெனிலயே போயிருவேன், அதான் எனக்கு ஒண்ணும் இல்ல."

என்னைப் பார்த்து அவன் சொன்ன வார்த்தையை நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். வயசுக்குத் தகாத வார்த்தை. ஆனால் தப்பான வார்த்தை இல்லை. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, ஆசுபத்திரிக்கு எந்த ஆட்டோ போகும் என்று கேட்டான். நானும் கூட ஏறினேன். ஏறாதே என்று அவன் சொல்லவில்லை. அவன் ரத்தம் அவளுக்குச் சேர்ந்தது. அவன் அவள் கட்டிலுக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டான், நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மாவிடமும் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நேத்தே சொல்லியிருந்தா நேத்தே மத்த பொண்ணுங்களையும் பார்த்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை நர்ஸம்மா டப்பாக்களோடு வந்தார். இந்தத் தடவை யாருடையது யாருடையது என்று ஒவ்வொரு டப்பாவிலும் எழுதி, கொடுத்தவள் கையாலேயே வாங்கினார். பதினோரு பேருக்கு இருந்தது. எனக்கும் ஒரு டப்பா நீட்டினார். எனக்கு எதற்கு என்றேன். "ஆயா, உங்க காலும் வெறுங்காலுதானே" என்றார். வாங்கிக்கொண்டேன். எனக்கும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கு அதை யார் சொன்னார்களோ, ஒரு மாசம் அதைச் சொல்லியே சிரித்தாள்.

குழியை அந்த வாரமே வாரி, பக்கத்தில் இன்னொன்று வெட்டி, இரண்டு கக்கூஸ் கூடக் கட்டினேன். கொத்தனார் வேறு ஆள். பழையவனைக் கூப்பிட முகம் இல்லை. உள்ளே செருப்பு போடலாம் என்று சொன்னபோது பெண்களில் பாதிப் பேர் பயந்தார்கள், சாமி குத்தம் என்று. "அவ கேட்டா நான் சொல்லிக்கிறேன், நீங்க போடுங்க" என்றேன்.

அந்தப் பெண் மூன்று வாரம் கழித்துப் பெட்டியை எடுக்க வந்தாள். ஒரகடம் பக்கம் ஒரு ஹாஸ்டலில் இடம் பிடித்திருந்தான் அவள் அண்ணன். என் வீட்டில் இருக்கக் கூடாது என்பது அவன் கண்டிப்பு. இருந்துவிடு, நான் அவனிடம் பேசுகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. வேலை போகவில்லையே என்று மட்டும் கேட்டேன்.

"வேற லைன்ல போட்டிருக்காங்க ஆச்சி. உக்காந்து பாக்குத வேல" என்றாள். பிறகு, "அண்ணன் பேசினத மனசுல வைக்காதீங்க" என்றாள்.

"அவன் பேசுனது சரிதான்" என்றேன்.

பெட்டியை நான் தூக்கப் போனேன். அவள் விடவில்லை. ரோடு வரைக்கும் அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள், நடுவில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. பஸ் வந்தது. பெட்டியை முதலில் ஏற்றிவிட்டு, கம்பியைப் பிடிக்காமல் படியில் ஏறினாள்.